ஒரே சாட்சி போதுமா? வேக அபராத நோட்டீஸ் வந்தால் விசுவாசி செய்ய வேண்டியது



இந்த மாதப் பாடம் ரோட்டைப் பற்றியது. "இதென்ன பாஸ்டர், வேதபாடப் பக்கத்துல டிராஃபிக் போலீஸ் சமாச்சாரம்?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கடந்த ஒரு வருஷத்தில் என்னிடம் வந்த கேள்விகளை எண்ணிப் பார்த்தால், வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட, "ஓவர் ஸ்பீடுன்னு போன்ல மெசேஜ் வந்திருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டவர்களே அதிகம். நம்முடைய பகுதி அப்படிப்பட்டது. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், அச்சு வேலை என்று எதை எடுத்தாலும் அது ஒரு வண்டியில் ஏறித்தான் வெளியே போக வேண்டும். நம்முடைய சகோதரர்களில் பாதிப்பேர் லோடு வேனிலோ லோடு ஆட்டோவிலோ இருக்கிறார்கள். மீதிப்பேர் விடியற்காலையில் டூ வீலரில் கம்பெனிக்கு ஓடுகிறார்கள். ஆவணி பிறந்துவிட்டால் தீபாவளி வரைக்கும் ரோட்டில் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது.

கேள்வி இதுதான்: அநியாயமாக அபராதம் வந்தால் ஒரு விசுவாசி அதை எதிர்த்து வழக்காடலாமா? அல்லது பேசாமல் கட்டிவிட்டுப் போவதுதான் தாழ்மையா?

என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போனது உண்மை என்றால் கட்டிவிடுங்கள். போகவில்லை என்றால், போகவில்லை என்று எழுத்து மூலமாக, குறித்த நாளுக்குள், உரிய இடத்தில் சொல்லுங்கள். இந்த இரண்டே வழிதான் இருக்கிறது. ஆனால் நம்மில் அநேகர் மூன்றாவதாக ஒரு வழியில் போகிறோம். "அண்ணாச்சி, உங்களுக்கு ஸ்டேஷன்ல ஆள் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிற வழி. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வேகக் கட்டுப்பாடு என்பது காசு பிடுங்குவதற்காகப் போட்ட சட்டம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் ரோடு விபத்தில் மரித்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கும் மேலான மரணங்களுக்கு அதிவேகத்தையே காரணமாக மத்திய அரசின் அறிக்கை காட்டுகிறது. அந்த வருஷம் நாட்டிலேயே அதிகமான விபத்துகள், அதாவது 64,105, நடந்தது நம்முடைய தமிழ்நாட்டில்தான். மரித்தவர்கள் 17,884 பேர். ஒரு வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒரு பிள்ளை வருவதைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த 22 மீட்டரும் போய்விடும். விருதுநகரிலிருந்து சாத்தூர் பக்கம் நான்குவழிச் சாலையில் ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஆகையால் சட்டத்தின்மேல் எனக்கு மனக்கசப்பு இல்லை. ஆனால் சட்டம் அபராதம் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைத்தான் நம்முடைய ஜனங்கள் படிப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதில் 112-வது பிரிவு வேக வரம்பைப் பற்றியது, 183-வது பிரிவு வரம்பை மீறினால் உண்டாகும் தண்டனையைப் பற்றியது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்தினார்கள். காரைப் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாவது தடவை அதே குற்றம் என்றால் லைசென்ஸையே பிடித்து வைக்க சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்களுக்கான அரசாணை 2022 அக்டோபரில் வந்தது.

இப்போது 183-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவுக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் முதுகெலும்பே இதுதான். "என் பார்வைக்கு இவர் வேகமாகப் போனார்" என்று ஒரே ஒரு சாட்சி சொல்லுகிற அபிப்பிராயத்தை மாத்திரம் வைத்து யாரையும் குற்றவாளி என்று தீர்க்கக் கூடாது. அந்த அபிப்பிராயம் ஒரு இயந்திரமோ மின்னணுக் கருவியோ அளந்த அளவின்மேல் நிற்க வேண்டும். அதுதான் அதன் சாரம். இங்கிலாந்தில் மணிக்கு 20 மைல் என்று மோட்டார் காருக்கு வரம்பு வைத்த 1903-ஆம் வருஷச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. ஏன்? மனுஷனுடைய கண் வேகத்தை அளக்கிற கருவி அல்ல. சைலன்சர் சத்தம் போடுகிற வண்டி வேகமாகப் போவதுபோலத் தெரியும். சத்தமில்லாத பெரிய கார் மெதுவாகப் போவதுபோலத் தெரியும்.

உபாகமம் 17-ஆம், 19-ஆம் அதிகாரங்களைப் படித்தவர்களுக்கு இது புதிது அல்லவே. ஒரே சாட்சியின் வாக்கை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் செய்யக் கூடாது என்கிற முறைமை மோசேயின் நாளிலேயே இருந்தது. இன்னொன்றும் பாருங்கள். இரண்டு இராஜாக்கள் 9-ல் யெஸ்ரயேல் கோபுரத்தில் நின்ற ஜாமக்காரன் தூரத்தில் வருகிற ரதத்தைப் பார்த்து, ஓட்டுகிற தோரணையை வைத்தே அது யெகூவைப்போல் இருக்கிறது என்றான். அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. ஆனால் நம்முடைய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த ஜாமக்காரன் தனியாக வந்து நின்றால் யெகூவுக்கு ஃபைன் போட முடியாது!

சரி, கருவி அளந்தது என்கிறார்கள். அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. கருவியும் தராசு மாதிரிதான். கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகள் என்ன சொல்லுகிறது என்று கடை வைத்திருக்கிற நம்முடைய சகோதரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசுக்கு முத்திரை போடுகிறதுபோல ரேடார் வேகக் கருவிக்கும் சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும் என்று சட்டமுறை எடையளவுத் துறை விதி கொண்டுவந்து, அது 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதன்படி கேமரா, ஸ்பீடு கன் முதலானவற்றுக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கிற பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸோடு நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவின்கீழ் குற்றம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் இருக்கிறது.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். நோட்டீஸ் வந்தால் படத்தைத் திறந்து பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் தொகையை மாத்திரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? நம்பர் முழுதும் சரியா? கருவியின் குறிக்குள் இரண்டு வண்டிகள் ஒன்றாக இருக்கின்றனவா? ரேடார் கதிர் தூரம் போகப்போக விரியும். முந்திக்கொண்டு போனவனுடைய வேகம் பக்கத்தில் மெதுவாகப் போனவனுடைய கணக்கில் ஏற வாய்ப்பு உண்டு. ஆனால் "அவங்க கன்னை சாய்ச்சுப் பிடிச்சாங்க பாஸ்டர், அதான் ஜாஸ்தியா காட்டிருச்சு" என்று ஒரு வாதம் ஊரில் சுற்றுகிறது. அது உதவாது. ஓரமாக நின்று சாய்வாகப் பிடித்தால் ரேடார் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

அடுத்து, அந்த இடத்தில் வரம்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதில் கொஞ்சம் குழப்பம் உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வரம்புகளை உயர்த்தி, நான்குவழிச் சாலையில் காருக்கு 100, மோட்டார் சைக்கிளுக்கு 80 என்று அறிவித்தது. 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்து, 2014-ல் இருந்த குறைவான வரம்புகளே நிற்கட்டும் என்றது. இதன் மேல்விவாதமெல்லாம் வக்கீல்களுக்கு உரியது. நமக்குப் போதுமானது ரோட்டோரத்தில் சிவப்பு வளையத்துக்குள் இருக்கிற எண். மேலே சொன்ன பொது வரம்பைவிடக் குறைவாக ஒரு பகுதிக்கு வரம்பு வைக்கவும், பலகை நடவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. பலகைக்குக் கீழ்ப்படிவது 119-வது பிரிவின்படி ஓட்டுகிறவனுடைய கடமை. சென்னைக்குப் பார்சல் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2023 நவம்பரில் சென்னை மாநகரத்துக்குள் காருக்கு 60, டூ வீலருக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று அறிவித்தார்கள். நம்ம ஊர் பைபாஸ் ஞாபகத்தில் அங்கே ஓட்டினால் மெசேஜ் வரத்தான் செய்யும்.

இப்போது நம்முடைய சபையில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரன் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார். பேரை மாத்திரம் விட்டுவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் சமயத்தில் லோடு ஆட்டோவும் ஓட்டுவார். அவருக்கு ஒரு நாள் வேறொரு மாவட்டத்திலிருந்து அபராத நோட்டீஸ் வந்தது. 88 கிலோமீட்டர் வேகம், 1,000 ரூபாய். தன் பேரில் அவருக்கு இருக்கிற ஒரே வண்டி பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட். அதில் இரண்டு பேர் ஏறினால் ஓவர்பிரிட்ஜில் ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும்! "பாஸ்டர், 88-ல போறதுக்கு இந்த வண்டிய மலை உச்சியில இருந்துதான் உருட்டி விடணும்" என்று சிரித்தார். ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை. அந்தச் சகோதரி சொன்னது: "ரெண்டு மூணு நாள் கூலி போனாப் போகுது. கட்டி முடிச்சிருங்க. கோர்ட்டு போலீஸுன்னு நமக்கெதுக்கு?"

அந்த வார்த்தையில் இருக்கிற பயம் எனக்குப் புரிகிறது. கூலிக்காரன் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க ஆயிரத்தைந்நூறு செலவு செய்வதா? கணக்குப் பார்த்தால் கட்டுவதே லாபம். அந்தக் கணக்கை நம்பித்தான் தப்பான நோட்டீஸ்களும் வசூலாகிவிடுகின்றன. ஆனால் இவருடைய விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. கட்டினால் செய்ததாக ஒத்துக்கொண்டதாகப் பதிவாகும். நாளைக்கு உண்மையாகவே ஒரு தடவை ஏதாவது ஆகிவிட்டால் அது இரண்டாவது குற்றம் என்று எண்ணப்பட்டு லைசென்ஸுக்கே கை வைப்பார்கள். சீசனில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ்தானே சோறு? அதைவிட முக்கியம், செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக்கொடுப்பது பொய்ச்சாட்சி ஆகாதா? தனக்கு விரோதமாகவே சொன்னாலும் பொய் பொய்தானே? இதை அவரிடம் கேட்டேன். "அப்படி நான் யோசிக்கலையே" என்றார்.

உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். முன்னால் டி.என். 67, நம்ம விருதுநகர் பதிவுதான். ஆனால் பிளேட்டில் சேறு. 3 என்ற எண்ணின் ஓரம் மறைந்து 8 மாதிரி தெரிந்தது. கேமராவோடு சேர்ந்த கம்ப்யூட்டர் அதை 8 என்றே படித்து, அந்த நம்பர் யாருடையது என்று தேடி, நம்முடைய சகோதரனுடைய மொபெட்டின்மேல் அபராதத்தை இறக்கிவிட்டது. அந்த மோட்டார் சைக்கிள்காரர் இன்றுவரை ஒன்றும் தெரியாமல் இருப்பார் என்று நினைக்கிறேன்.

மனு அரைப்பக்கம்தான். மேலே நோட்டீஸ் எண், தேதி, வண்டி நம்பர். பிறகு நான்கு வரி: படத்தில் உள்ளது மோட்டார் சைக்கிள், என்னுடையது மொபெட், படத்திலுள்ள பதிவெண்ணின் கடைசிக்கு முந்திய எண் வேறு, குறிப்பிட்ட நேரத்தில் நான் வேலையில் இருந்தேன், ஆகையால் இந்த அபராதத்தை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கோபம் இல்லை, கதை இல்லை, "ஏழை என் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்ற வசனமும் இல்லை. கூடவே ஆர்.சி. நகல், நம்பர் தெரிகிற மாதிரி மொபெட்டின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கப் படங்கள், கம்பெனி வருகைப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தின் நகல், அதில் சூப்பர்வைசர் கையெழுத்து. இணையத்தில் இ-செலான் தளத்தின் புகார்ப் பகுதியில் ஏற்றினோம். அதே மனுவை நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பினோம். (ரிஜிஸ்டர் போஸ்ட் என்று கேட்டு நிற்க வேண்டாம். 2025 செப்டம்பரில் அதை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.) இணையத்தில் பல நாள் "பரிசீலனையில்" என்றே இருந்தது. போனில் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். கடைசியில் சகோதரன் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போனார். அங்கே இருந்த ஒரு எஸ்.ஐ. படத்தையும் மொபெட் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுக்குப் போயா இவ்வளவு நாளு?" என்று அவரே சொல்லி, ரத்துக்கு எழுதி அனுப்பினார். சண்டையும் இல்லை, வக்கீலும் இல்லை. போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போனது, அது உண்மைதான். அதை யாரும் திருப்பித் தரவில்லை.

கம்பெனி வருகைப் பதிவேடு எல்லாருக்கும் இருக்காது. லோடு வேன் ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு சாட்சி உண்டு. எட்டூர்வட்டம் டோல்கேட்டையோ கப்பலூர் டோல்கேட்டையோ நீங்கள் தாண்டிய நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் நிமிஷக் கணக்காகப் பதிவாகியிருக்கும். லோடு ஏற்றிய பில், பெட்ரோல் பங்க் ரசீது எல்லாம் பேசும். இரண்டு மூன்று சாட்சிகள் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னால் அதிகாரிக்கும் முடிவெடுக்க எளிது.

மனு தள்ளுபடியானால் என்ன? அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அபராதத்தை அதிகாரியிடமே கட்டி முடிப்பதற்கு 200-வது பிரிவு இடம் கொடுக்கிறது, அது சமரசம். சமரசம் வேண்டாம், நீதிபதி பார்க்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. விஷயம் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அந்தத் தளத்திலேயே கட்டுகிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி இருக்கும். எதிர்த்தால் வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரும். எதிர்ப்பதானாலும் கட்டுவதானாலும் நோட்டீஸில் குறித்திருக்கிற நாளைத் தாண்ட விடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையே என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற நம்முடைய ஜனங்கள் இதில் வருகிறார்கள். நம்ம மாவட்டக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். போனில் கேட்க வேண்டுமானால் 15100.

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி ரோமர் 13-ல் இருக்கே, அப்புறம் எப்படி எதிர்க்கலாம்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த நிருபத்தை எழுதிய பவுல்தான் பிலிப்பியில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16-ல் பாருங்கள். விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் ரகசியமாக விடுதலை பண்ணி அனுப்பப் பார்த்தார்கள். பவுல் போகவில்லை, அதிகாரிகளே வந்து வெளியே கொண்டுபோகட்டும் என்றார். 25-ஆம் அதிகாரத்தில் இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். அவர் அதிகாரத்தை எதிர்க்கவில்லை. அதிகாரம் தனக்காக எழுதிவைத்த வழியிலேயே போனார். நோட்டீஸை எதிர்த்து மனு கொடுப்பதும் அப்படித்தான். மனு கொடுக்கச் சொல்லி இடம் வைத்திருப்பதே அந்தச் சட்டம்தானே?

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம். வேறொரு சகோதரன், இவர் கார் வைத்திருக்கிறார். ரோட்டில் நிறுத்தினார்கள், ஸ்பீடு கன் அளவைக் காட்டினார்கள், அவருக்கே தெரியும் வேகமாக வந்தது. இருந்தாலும் அங்கேயிருந்தே எனக்குப் போன் போட்டு, "பாஸ்டர், அந்த அதிகாரி உங்க ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்காரே, ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றார். நான் பேசவில்லை. "நீங்க வேகமா வந்தீங்களா, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கட்டிட்டு வர்றேன் பாஸ்டர்" என்றார். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு விஷயம். சிபாரிசு கேட்பதும், ரசீது இல்லாமல் இருநூறு ரூபாயைக் கையில் திணிப்பதும் ஒரே இனம். யாத்திராகமம் 23 பரிதானத்தைப் பற்றிச் சொல்லுவது கொடுக்கிறவனுக்கும் பொருந்தும். ரோட்டில் காசு கட்டினால் இ-செலான் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் வாங்கப் பார்த்தால் "கேஸ் எழுதுங்க சார், நான் கட்டிக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஐயா, சார் என்று சொல்வதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்.

வண்டி வைத்துத் தொழில் செய்கிற முதலாளிகளும் நம்முடைய சபையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று எழுதாமல் விட முடியாது. அதே 183-வது பிரிவின் முதல் உட்பிரிவு, தன்னிடம் வேலை செய்கிறவனை வேகமாக ஓட்டவைக்கிற முதலாளிக்கும் தண்டனை உண்டு என்கிறது. நான்காவது உட்பிரிவு இன்னும் ஆழமாகப் போகிறது. வரம்பை மீறாமல் போய்ச்சேரவே முடியாத ஒரு நேரத்தைக் குறித்து "இத்தனை மணிக்குள் போய்ச்சேர்" என்று கட்டளை கொடுத்தால், அந்தக் கட்டளையே முதலாளிக்கு விரோதமான முதல்நோக்கு ஆதாரம். சிவகாசியிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். "ஒரு மணி நேரத்துல பார்சல் ஆபீஸ்ல இருக்கணும், இல்லேன்னா வாடகை கிடையாது" என்றால் என்ன அர்த்தம்? எங்கும் நிற்காமல், ஊருக்குள்ளும் சந்தைக்குள்ளும் சேர்த்து, சராசரி 75-ல் போ என்று அர்த்தம். அவன் 90-ல் போனால்தான் அது நடக்கும். நோட்டீஸ் வந்தால் "நீதானே ஓட்டினே, நீயே கட்டு" என்று டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கிறோம். வண்டியில் இருப்பது காலண்டர் என்றாலும் இது நியாயம் அல்ல. பட்டாசு என்றால் கேட்கவே வேண்டாம். அபாயகரமான சரக்கு ஏற்றுகிற வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 60-க்கு வைக்க வேண்டும் என்று விதி சொல்லுகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடச் சொல்லுகிறவர் டிரைவரையா குற்றம் சொல்லுவார்? டிரைவர் சகோதரர்களே, இப்படிப்பட்ட கட்டளை வாட்ஸப்பில் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். அது உங்களுக்கு வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வண்டியை விற்றுவிட்டேன், ஆனால் நோட்டீஸ் எனக்கே வருகிறது என்று வருகிறவர்கள் உண்டு. பேர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள்தான் இன்னும் உரிமையாளர். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30. "மாத்திக்கிறேன் அண்ணாச்சி" என்ற வாய்வார்த்தையை நம்பி ஆர்.சி.யைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்தது ஏமாற்று மெசேஜ். அபராதம் வந்திருக்கிறது, இதைத் தொட்டுப் பாருங்கள் என்று வாட்ஸப்பில் ஏ.பி.கே. ஃபைல் ஒன்று வரும். தொட்டால் போனில் இருக்கிற பேங்க் விவரம் போய்விடும். 2024-ல் நாட்டில் அநேகர் இதில் பணத்தை இழந்தார்கள். அரசாங்கம் ஏ.பி.கே. ஃபைலாக நோட்டீஸ் அனுப்பாது. சந்தேகம் இருந்தால் அந்த லிங்கைத் தொடாமல், நீங்களே இ-செலான் பரிவாகன் தளத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

அபராதம் ரத்தானாலும் சரி, கட்டி முடித்தாலும் சரி, பதினைந்து நாள் கழித்துத் தளத்தில் இன்னொரு தடவை பாருங்கள். நிலுவை என்றே நின்றால், பின்னாளில் பேர் மாற்றத்துக்கோ எஃப்.சி.க்கோ போகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும். அன்றைக்கு ரசீதைத் தேடி வீட்டுக்கு ஓட முடியாது. ரத்து உத்தரவையோ ரசீதையோ ஒரு நகல் எடுத்து ஆர்.சி.யோடு அதே கவரில் போட்டு வையுங்கள். அந்த மொபெட் சகோதரன் இப்போதும் சீட்டுக்கு அடியில் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

மனு எழுத உதவி வேண்டியவர்கள் புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் வாருங்கள். நோட்டீஸின் பிரிண்ட், படத்தோடு சேர்த்து, கொண்டு வரவும்.